அது பளிங்கு மாளிகை இல்ல ஐயா, மண் வீடு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பரில ஸ்பெயின் நாட்டு அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பற்றி ஒரு அரைப்பக்கக் கட்டுரை வந்தது, "மூரிஷ் மன்னர் கட்டிய பளிங்கு மாளிகை" எண்டு தலைப்பு. வன்னியில இருக்கிறவனுக்கு உதில என்ன வேலை எண்டு நினைப்பியள், ஆனா வாசிச்ச நேரத்தில இருந்து எனக்கு மனம் ஆறேல்ல, மனுசியும் "எழுதிப் போட்டிட்டு வந்து நிம்மதியாச் சாப்பிடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டா, அதால எழுதுறன். நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில 31 வருசம் வேலை மேற்பார்வையாளரா இருந்து இளைப்பாறினவன். இரணைமடுக் குளத்துக்குக் கீழ வாய்க்கால் வாய்க்காலா நடந்து தேய்ஞ்ச கால் இது. மூத்த மகள் பிரான்சில இருக்கிறா, 2018இல நாங்கள் ரெண்டு பேரும் அங்க போன நேரம் மருமகன் காரிலயே அந்த அரண்மனை இருக்கிற கிரனடா நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர், போக மட்டும் ரெண்டு நாள் ஓட்டம், என்ர முதுகு இன்னும் அதை மறக்கேல்ல. கண்ணால கண்டவன் எண்ட துணிவிலதான் எழுதுறன், ரெண்டொரு வருசம் யூரியூப்பிலயும் அதையே பாத்துக்கொண்டு கிடந்தனான் எண்டதையும் ஒத்துக்கொள்ளுறன்.

முதல்ல படம். நீங்கள் போட்ட படம் அல்ஹம்ப்ராவே இல்ல ஐயா. அது செவில் நகரத்தில இருக்கிற அல்காசர் அரண்மனையின்ர முற்றம். அந்தப் பகுதியைக் கட்டுவிச்சவன் முஸ்லிம் ராசாவும் இல்ல, பெத்ரோ எண்ட கிறிஸ்தவ ராசா, 1364ஆம் ஆண்டளவில தொடங்கினது. கிரனடாவில இருந்து வேலைகாரரை எடுப்பிச்சு அவையின்ர பாணியிலயே கட்டிப்போட்டு, சுவரில அரபு எழுத்தில தன்னைச் சுல்தான் எண்டும் வெட்டுவிச்சிருக்கிறான். மற்ற மார்க்கத்து ராசாவின்ர மாதிரி வீடு வேணும், அவன்ர எழுத்தில தன்ர பேரும் வேணும். உது நல்ல கதைதான், ஆனா வேற கதை.

இப்ப தலைப்புக்கு வாறன். பளிங்கு மாளிகை எண்டு சொன்னா சனம் என்ன நினைக்கும், தாஜ்மகால் மாதிரி வெள்ளை வெளேரெண்டு நிக்குமாக்கும் எண்டு நினைக்கும். அல்ஹம்ப்ராவில பளிங்கு இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்ல, உள்ளுக்கு இருக்கிற சிங்க முற்றத்துத் தூண் 124ம், நடுவில தொட்டியைத் தாங்குற 12 சிங்கமும், தண்ணி விழுற தொட்டிகளும் சில நிலமும் மக்காயேல் எண்ட ஊர் வெள்ளைப் பளிங்கு. ஆனா சுவர்? கோபுரம்? கோட்டை மதில்? அவ்வளவும் மண். மண்ணும் செங்கல்லும் சாந்தும் மரமும்தான். பேரே அதுதானே, அரபில அல்ஹம்ரா எண்டா சிவந்தது. அந்தக் குன்று முழுக்க இரும்பு ஏறின செம்மண்ணும் கூழாங்கல்லும், எங்கட மாங்குளம் பக்கம் வெட்டுற கிரவல் மாதிரியே இருக்கும், நான் காலால தட்டிப் பாத்தனான், மருமகன் "மாமா என்ன செய்யிறியள்" எண்டு கேட்டவர்.

மதில் ஒண்டில பூச்சு கழண்டு உள்சுவர் தெரிஞ்ச இடத்தில கனநேரம் நிண்டனான். அவையின்ர முறை என்னெண்டா, ரெண்டு பக்கமும் பலகை அடைச்சு நடுவில மண், சுண்ணாம்பு, சரளைக்கல் எல்லாம் குழைச்சுக் கொட்டி, கட்டையால இடி இடியெண்டு இடிச்சு இறுக்கிறது, அது இறுகினாப் பிறகு பலகையைக் கழட்டி மேல தூக்கி வைச்சு அடுத்த வரிசை. இண்டைக்கு நாங்கள் கொங்கிறீற்றுக்குப் பலகை அடிக்கிற வேலைதான், சிமெந்துக்குப் பதிலாச் சுண்ணாம்பு. பலகையைத் தாங்கின குறுக்குக் கம்புகளின்ர ஓட்டை இப்பவும் சுவரில நிரை நிரையா இருக்கு, ஒரு ஓட்டையில குருவி ஒண்டு போய் வந்துகொண்டு நிண்டது. 1238இல முதலாம் முகமது எண்ட ராசா அந்தக் குன்றில தொடங்கின வேலை, பிறகு அவன்ர பரம்பரை நூறு நூற்றைம்பது வருசமாக் கூட்டிக் கூட்டிக் கட்டினது. எழுநூறு வருசம் தாண்டியும் மண் நிக்குது ஐயா.

என்ர அப்புவின்ர வீடும் மண்சுவர்தான். புற்றுமண் வெட்டிக் கொண்டந்து தண்ணி விட்டு வைக்கோல் போட்டு மிதிச்சு, உருண்டை பிடிச்சு உருண்டை பிடிச்சு வைச்சு எழுப்பினது, மேல கிடுகு. அவை இடிக்கிறவை, நாங்கள் பிடிச்சு வைக்கிறது, அதுதான் வித்தியாசம். சித்திரை வெயிலிலயும் உள்ளுக்குப் போனாக் குளிர்மையா இருக்கும். இப்ப நான் இருக்கிறது வீட்டுத்திட்டத்தில கிடைச்ச கல்வீடு, மத்தியானம் பன்ரெண்டு மணிக்குப் பிறகு உள்ளுக்கு இருக்கேலாது, மாமரத்துக்குக் கீழதான் சீவியம். அல்ஹம்ப்ராவில அந்தத் தடிச்ச சுவருக்குள்ள காலடி வைச்ச உடன மனுசி சொன்ன முதல் சொல் "அப்புவின்ர வீடு மாதிரிக் கிடக்கு." நான் சிரிச்சனான், ஆனா அவ சொன்னது முழுக்கச் சரி.

வெளியால பாத்தா ஒண்டுமே இல்ல, மொட்டைச் சுவர். வடிவு முழுக்க உள்ளுக்கு. எங்கட நாற்சார் வீட்டை நினைச்சுக்கொள்ளுங்கோ, தெருவில இருந்து பாத்தா மதிலும் ஒரு படலையும், உள்ளுக்குப் போனா நடுவில முற்றம், சுத்திவர விறாந்தை, அதுக்குப் பின்னால அறை. அதே கணக்குத்தான், ஆனா ராசாவின்ர அளவில. உள்ளுக்குப் போற வழியையும் நேர வைக்கேல்ல, வளைச்சு வளைச்சு வைச்சிருக்கினம், 1348இல முதலாம் யூசுப் கட்டின பெரிய வாசலும் அப்பிடித்தான், ஓடி வாற எதிரி திரும்பித் திரும்பி மூச்சு வாங்கவேணும். ராசா தூதுவரைச் சந்திக்கிற மண்டபத்தில ஜன்னல் எல்லாம் பதிவா இருக்கு, எனக்கு முதல்ல விளங்கேல்ல, பிறகுதான் யோசிச்சன், அவை கதிரையில இருக்கிற ஆக்கள் இல்ல, நிலத்தில மெத்தை போட்டு இருந்தவை, இருந்தபடி பாத்தா ஜன்னல் சரியாக் கண் மட்டத்துக்கு வரும். நிண்டுகொண்டு ஃபோட்டோ எடுக்கிற எங்களுக்குத்தான் அது பிழையாத் தெரியுது. அந்த மண்டபத்துக் கூரை 8,017 மரத்துண்டு சேத்துப் பொருத்தினது, ஏழு வானத்தையும் காட்டுதாம், அண்ணாந்து பாத்துப் பாத்து எனக்குக் கழுத்துப் பிடிச்சுக்கொண்டது.

சாந்து வேலையைப் பற்றியும் கட்டுரையில ஒரு வரி இல்ல. ஜிப்சம் சாந்தை அச்சில வார்த்தும் கையால வெட்டியும் சுவர் முழுக்கப் பூவும் எழுத்தும். ஒரே வசனம் திருப்பித் திருப்பி வரும், இறைவனைத் தவிர வெல்லுறவன் ஆரும் இல்ல எண்டு, அதுதான் அந்தப் பரம்பரையின்ர கொடி வாசகம். ஒரு காலத்தில சிவப்பும் நீலமும் பொன்னும் பூசியிருந்தவை, மூலை முடுக்குகளில இன்னும் நீலம் ஒட்டிக்கொண்டு கிடக்கு. சிங்க முற்றத்துப் பக்கத்தில ஒரு அறை இருக்கு, ரெண்டு சகோதரிகள் மண்டபம் எண்டுவினம், அதின்ர மேற்கூரை, எப்பிடிச் சொல்லுறது, காட்டில எடுத்த பெரிய தேன்வதையைக் கவிட்டு வைச்ச மாதிரி, 5,000க்கு மேல சின்னச் சின்னத் துண்டு. எல்லாம் சாந்து. விலையான சாமான் எண்டு அதில ஒண்டும் இல்ல, கை வேலையும் கணக்கும்தான்.

இனித்தான் எனக்கு உரிய விசயம், தண்ணி. உங்கட கட்டுரையில "அழகிய நீரூற்றுகளும் உண்டு" எண்டு ஒரு வரியில முடிச்சிட்டியள். ஐயா, அந்தத் தண்ணி எங்கயிருந்து வருது எண்டு ஒருக்கா யோசிச்சனீங்களோ? அரண்மனை குன்றில, ஆறு கீழ பள்ளத்துக்குள்ள. தாரோ எண்ட ஆறு. தண்ணி மேல ஏறாது, அது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அப்ப அவை என்ன செய்தவை எண்டா, ஆத்தில மேல, ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தள்ளிப் போய் அங்க மறிச்சு, மலையின்ர வயித்தோட ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்டி, சரிவைக் கொஞ்சம் கொஞ்சமா மட்டும் விட்டுக் கொண்டந்திருக்கினம். ஆறு கீழ கீழ இறங்கிக்கொண்டு போக வாய்க்கால் மேலயே நிக்கும், குன்றுக்கு வரேக்க வாய்க்கால் ஆத்துக்கு எவ்வளவோ உயரத்தில. பம்ப் இல்ல, மோட்டர் இல்ல. மட்டம் பாக்கிற வேலை செய்தவனுக்குத்தான் இதின்ர அருமை தெரியும், சரிவு ஒரு அங்குலம் குறைஞ்சாத் தண்ணி நிண்டிடும், கூடினா வாய்க்காலை அரிச்சுப்போடும். நாங்கள் லெவல் மெசினை வைச்சுக்கொண்டே கடைக்கோடி வயலுக்குத் தண்ணி ஏறேல்ல எண்டு ஏச்சு வாங்கின ஆக்கள். மேட்டுத் தோட்டத்துக்கு மட்டும் சக்கரம் வைச்சு இறைச்சிருக்கினம், எங்கட பழைய சூத்திரக் கிணறு மாதிரித்தான்.

முதலாம் முகமது குன்றில ஏறின உடன செய்விச்ச வேலைகளில முக்கியமானது இந்த வாய்க்கால்தான். தண்ணி வந்தாத்தான் மற்றது எல்லாம். ராச வாய்க்கால் எண்டு இப்பவும் பேர், ஸ்பானிய மொழியில வாய்க்காலுக்கு அசேக்கியா எண்டு சொல்லுறது, அது அரபுச் சொல்லுத்தான். ராசாக்களைக் கலைச்சுப்போட்டும் சொல்லைக் கலைக்கேலாமப் போச்சு.

அரண்மனைக்குள்ள கொமாரெஸ் எண்ட முற்றத்தில ஒரு நீட்டுத் தடாகம், ரெண்டு கரையிலயும் மிர்ட்டில் எண்ட செடி வேலி. தடாகத்தின்ர ரெண்டு தலைப்பிலயும் வட்டமா ஒரு பளிங்குத் தட்டு, அதுக்குள்ளதான் தண்ணி கொப்பளிக்குது, அதில இருந்து சின்னக் கானால தவழ்ந்து தடாகத்துக்குள்ள இறங்குது. ஏன் நேர விழ விடேல்ல? விழுந்தா அலை அடிக்கும், அலை அடிச்சா 45 மீற்றர் கோபுரம் தண்ணியில தெரியாது. வேகத்தைச் சாக்கொண்டுதான் உள்ளுக்கு விடுறது. குளத்துத் துருசுக்கு, அதான் மதகுக்கு, கீழ தண்ணியின்ர வேகத்தை அடக்கத் தொட்டி கட்டுவம் எல்லோ, அதே புத்தி, ஆனா அவை அதைத் தண்ணியில விழுற ஒரு நிழலுக்காகச் செய்திருக்கினம். நான் அந்தக் கானுக்குப் பக்கத்தில குந்தியிருந்து பாத்த நேரம் காவல்காரப் பிள்ளை வந்து எழும்பச் சொன்னா.

சிங்க முற்றம் கட்டினது ஐந்தாம் முகமது. அவனை 1359இல சொந்த ஆக்களே கலைச்சுப்போட்டினம், கடல் தாண்டி மொரோக்கோவுக்கு ஓடி 1362இல திரும்பி வந்து பிறகு கட்டினது. நாலு பக்கத்தாலயும் சின்ன வாய்க்கால் வந்து நடுவில சேருது. தொட்டியின்ர விளிம்பில இப்னு ஸம்ரக் எண்ட கவிஞன்ர பாட்டு வெட்டியிருக்கு, அவன்தான் மந்திரியும். தண்ணியும் பளிங்கும் ஒண்டாக் கலந்து கிடக்கு, ரெண்டில எது ஓடுது எண்டு தெரியேல்லயாம். சிங்கங்களைக் கழட்டிக் கொண்டுபோய்க் கனகாலம் துப்புரவாக்கி 2012இலதான் முற்றத்து வேலையை முடிச்சவை.

இன்னொண்டும் சொல்லவேணும், இது கிரனடா இல்ல, வலென்சியா, ஆனா அதே வாய்க்கால் வழக்கம். அங்க வியாழக்கிழமை தோறும் மத்தியானம் 12 மணிக்குப் பெரிய கிறிஸ்தவ கோயில் வாசலில தண்ணி வழக்குத் தீர்க்கிற நீதிமன்றம் கூடும். கமக்காரரே நீதவான், பேப்பர் இல்ல, சட்டத்தரணி இல்ல, வாயால சொல்லி வாயால தீர்ப்பு. 2009இல யுனெஸ்கோ அதையும் மரபுரிமைப் பட்டியலில சேத்திருக்கு. எங்கட சிறுபோகக் கூட்டத்தில எத்தினை ஏக்கர் விதைக்கிறது எண்டு விடிய விடியக் கத்துற சனத்தைக் கூட்டிக்கொண்டு போய் ஒருக்கா அங்க இருத்தவேணும், கத்தவும் விடவேணும்.

இனி அந்த "மூரிஷ் மன்னர்". மூரிஷ் எண்டது ஏதோ அந்த ராசாவின்ர பேர் மாதிரியே கட்டுரை முழுக்க எழுதியிருக்கிறியள். அது பேர் இல்ல. வட ஆபிரிக்காவில மௌரி எண்டு ரோமர் சொன்ன சனம், அந்தச் சொல்லை ஐரோப்பாக்காரர் பிறகு முஸ்லிம்கள் எல்லாருக்கும் பொதுவா வைச்சுப்போட்டினம். போத்துக்கீசர் 1505இல எங்கட தீவுக்கு வந்திறங்கேக்க, ஸ்பெயினில கடைசி முஸ்லிம் ராச்சியமான கிரனடா கிறிஸ்தவ ராசாக்களிட்ட விழுந்து 13 வருசம்தான். இங்க கடைத்தெருவில தொழுகிற ஆக்களைக் கண்ட உடன அதே சொல்லைத் தூக்கி வைச்சினம், இண்டைக்கும் இங்கிலீசில அவையை மூர் எண்டுதான் பதியுறது, தமிழில இலங்கைச் சோனகர். ஸ்பெயினை ஒருக்காலும் காணாத சனத்துக்கு ஸ்பெயின் சண்டையின்ர பேர். தமிழ்ப் பேப்பர் ஒண்டு இதை விளங்கப்படுத்தாம விட்டா வேற ஆர் விளங்கப்படுத்துறது?

நீராவிப்பிட்டியில எங்கட அப்பாவுக்கு ஒரு முஸ்லிம் நானா பழக்கம். அறுவடை முடிய மாட்டு வண்டிலோட நெல் எடுக்க வருவார், அம்மா பிளேன்ரீ குடுப்பா, மற்றது ஒண்டும் தொடார், ஆனா கதைச்சுக்கொண்டே இருப்பார். 90ஆம் ஆண்டு ஒக்டோபரில வடக்கில இருந்த முஸ்லிம் சனம் முழுக்க வெளிக்கிட வேண்டி வந்ததே, அப்ப அவர் தன்ர ரெண்டு எருதையும் எங்கட வளவில கொண்டந்து கட்டிப்போட்டு, ஒரு மாசத்துக்குள்ள வந்திருவன், பிண்ணாக்கு மட்டும் பாத்து வையுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். நாங்கள் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கேல்ல, பயம் எண்டு சொல்லலாம், அது முழு மறுமொழி இல்ல எண்டும் எனக்குத் தெரியும். ஒரு எருது அடுத்த மாரிக்குச் செத்துது. மற்றது 96 மட்டும் நிண்டது.

ஏன் இதை இதுக்குள்ள கொண்டு வாறன் எண்டா, கிரனடா விழுந்த கதையை நீங்கள் "மன்னன் அழுதான்" எண்டு முடிச்சிருக்கிறியள். மன்னன் அழுததோ இல்லையோ, சனத்துக்கு நடந்ததைச் சொல்லவேணும். 1491 கார்த்திகையில வெண்ட கிறிஸ்தவ ராசாவும் ராணியும் உடன்படிக்கை எழுதினவை, பள்ளிவாசல் இருக்கும், மார்க்கம் இருக்கும், அவையின்ர நீதவான்மாரே வழக்குத் தீர்ப்பினம் எண்டு. 1492 ஜனவரி 2 கடைசி ராசா அல்ஹம்ப்ராவைக் கையளிச்சிட்டுப் போனார். மூண்டு மாசம் முடிய முதல், மார்ச் 31, யூதர்கள் எல்லாரும் நாட்டை விட்டு வெளிக்கிட வேணும் எண்ட கட்டளை, அதில கையெழுத்து வைச்சது அதே அல்ஹம்ப்ராவில. பத்து வருசம் போக முஸ்லிம்களுக்குக் குடுத்த வாக்கும் காத்தில போச்சு, ஒண்டில் ஞானஸ்நானம், இல்லாட்டி வெளிக்கிடு. ஞானஸ்நானம் எடுத்த ஆக்களின்ர பேரப்பிள்ளையளையும் 1609இல இருந்து கப்பலேத்தினவை. வாய்க்கால் வெட்டத் தெரிஞ்ச சனம் போச்சு, கனக்க இடத்தில வயலும் தரிசாப் போச்சு.

அல்ஹம்ப்ரா வீட்டை மட்டும் வெண்ட ராசா இடிக்கேல்ல. அதுக்குள்ள தானே குடியிருந்தான். அவன்ர பேரன் ஐந்தாம் சார்ள்ஸ் 1527இல பக்கத்திலயே கல்லில ஒரு அரண்மனை கட்டத் தொடங்கினவன், வெளியால சதுரம், உள்ளுக்கு வட்ட முற்றம், பெரிசுதான், ஆனா அவன் அதில ஒரு நாளும் குடியிருக்கேல்ல, கூரையே இருபதாம் நூற்றாண்டிலதான் போட்டு முடிச்சது. மண் வீடு பக்கத்தில நிக்குது. நெப்போலியன்ர படை 1812இல போகேக்க கொஞ்சக் கோபுரத்தை வெடி வைச்சு விழுத்திச்சு, அது போகத்தான் மிச்சம். எங்கட வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் 1803இல வெள்ளைக்காரரிட்ட தோத்த இடத்துக்கு ஒட்டுசுட்டான் பக்கம், கற்சிலைமடுவில ஒரு நினைவுக்கல், அதுவும் வெள்ளைக்காரர் காலத்தில நட்டது. மாளிகை எண்டு காட்ட எங்களிட்ட ஒரு சுவர் துண்டும் இல்ல.

தொரெஸ் பல்பாஸ் எண்ட கட்டடக்கலைஞர் ஒருத்தர் 1923இல இருந்து 1936 மட்டும் அல்ஹம்ப்ராவைத் திருத்தினவர், அவற்ற பேரையாவது போட்டிருக்கலாம். அவற்ற கொள்கை என்னெண்டா, உடைஞ்ச இடத்தைக் கட்டு, ஆனா புதுசு எது பழசு எது எண்டு பாக்கிறவனுக்குத் தெரியவேணும், பழசு மாதிரி நடிக்க விடாத. அதால சில சுவரில பூவேலை திடீரெண்டு நிண்டு வெறும் சாந்தாத் தொடரும். எங்கட கோயில்களில பழங்கல்லுக்கு மேல எனாமல் பெயின்ற் அடிக்கிற ஆக்களுக்கு இதை ஆரும் மொழிபெயர்த்துக் குடுத்தாப் புண்ணியம்.

கடைசியா நாங்கள் போனது மேல இருக்கிற ஹெனராலிஃபே தோட்டம். ராசாக்கள் வெயிலுக்கு ஒதுங்கின இடம். அங்க ஒரு படிக்கட்டு, ரெண்டு பக்கக் கைபிடிச் சுவரின்ர மேல கூரை ஓடுகளைக் கவிட்டு வைக்காம நிமித்தி வைச்ச மாதிரிக் கான், அதுக்குள்ளால தண்ணி ஓடுது. கைபிடியே வாய்க்கால். நான் 31 வருசத்தில எத்தினையோ வாய்க்கால் கண்டனான், கையைப் பிடிச்சுக்கொண்டு இறங்குற வாய்க்கால் காணேல்ல. மனுசி செருப்பைக் கழட்டிப்போட்டு, கையைத் தண்ணியில வைச்சபடி மேல இருந்து கீழ மட்டும் இறங்கினா, பிறகு திரும்ப ஏறினா. ஊருக்கு வந்து எங்கட கிணத்துத் தொட்டிப் படியில அப்பிடி ஒண்டு சிமெந்தால செய்து குடுத்தனான், மோட்டர் போட்டா அஞ்சு நிமிசம் வடிவா ஓடிப்போட்டு வாழைப் பாத்திக்குப் போயிடும்.

படத்தை மட்டுமாவது வாற ஞாயிறு மாத்திப் போடுங்கோ ஐயா. என்னட்ட மருமகன் எடுத்தது இருக்கு, மண் தெரியிற மதில் படம், குருவியும் இருக்கு, வேணுமெண்டா வட்ஸ்அப்பில அனுப்புறன்.

இப்படிக்கு,
இளைப்பாறிய நீர்ப்பாசன வேலை மேற்பார்வையாளர் ஒருவர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.